நூல் விற்ற காசில் எழுந்த கல்வாரி

பிரான்சின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனி நிலத்தில், மோர்லே நகருக்குத் தென்மேற்கே கிமிலியோ என்றொரு சிற்றூர் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பேர் வாழும் ஊர். சுற்றிலும் வயல், மேய்ச்சல் நிலம், வேலி மரங்கள். ஊர் நடுவிலுள்ள கோயில் வளாகத்தில் கல்வாரி எனப்படும் எண்கோணக் கல்மேடை ஒன்று நிற்கிறது. அதன்மேல் இயேசுவின் பிறப்பிலிருந்து உயிர்ப்புவரை சுமார் 200 கல்லுருவங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. வேலை நடந்த காலத்தைச் சொல்லும் 1581, 1588 என்ற ஆண்டுகளை அந்தக் கல்லிலேயே காணலாம்.

இங்கே ஆயர் பீடம் இருந்ததில்லை. பெரிய துறவு மடமோ புகழ்பெற்ற பிரபுவின் கோட்டையோ இந்த ஊரை வளர்க்கவில்லை. அப்படியிருந்தும் கல்வாரிக்குப் பின் 1606இல் தெற்கு முகமண்டபத்தில் வேலை தொடங்கியது. அது 1617 வரை நீடித்தது. 1648இல் இறந்தோருக்கான சிற்றாலயம் வந்தது. 1675இல் திருமுழுக்குத் தொட்டிக்கு மேல் ஓக் மரத்தில் விதானம், 1677இல் பிரசங்க மேடை, 1683இல் கூம்புக் கூரையோடு வட்டமான பூசைப்பொருள் அறை என்று வேலைகள் தொடர்ந்தன. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆர்கன் இசைக்கருவியும் வந்து சேர்ந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஓர் உழவர் பங்கு ஓயாமல் கட்டிக்கொண்டேயிருந்திருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் இந்த ஊரின் வரலாற்றுக்குள் நுழைய நல்ல வாசல் என்று நினைக்கிறேன். சிற்ப அழகிலிருந்து தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் சிற்ப அழகோடு நின்றுவிடுகிறார்கள்.

பணம் லினனிலிருந்து வந்தது. ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரை நூற்று நெய்யும் துணி அது. விதை பால்டிக் கடற்கரையிலிருந்து கப்பலில் ரோஸ்கோஃப் துறைமுகத்துக்கு வரும். லெயோன் என்றழைக்கப்படும் இந்த வட்டாரத்தின் கடலோர நிலங்கள் ஆளி விளைய ஏற்றவை. உள்நாட்டில், எலோர்ன், பென்ஸே ஆறுகளின் பக்கத்தில், ஓடை நீருக்குப் பஞ்சமில்லை. நூலை வெளுக்க அந்த நீர்தான் மூலதனம். பண்ணைதோறும் ஓடைக்கரையில் ஒரு சிறு கல் கட்டடம் எழுந்தது. பிரிட்டனியின் மொழியான பிரெத்தோனில் அதற்குக் ‘கன்டி’ என்று பெயர். உள்ளே ஓடைநீர் பாயும் கல்தொட்டிகள், கொப்பரை வைக்கப் பெரிய அடுப்பு. மரச் சாம்பலில் வடித்தெடுத்த காரநீரைச் சுடவைத்து நூற்கண்டுகளின் மேல் ஊற்றுவார்கள், வடியவிடுவார்கள், மறுபடி ஊற்றுவார்கள். பிறகு ஓடைநீரில் அலசிப் புல்வெளியில் உலர்த்துவார்கள். பழுப்பு நூல் வெள்ளை நூலாக மாறுவதற்குள் இந்தச் சுற்று பலமுறை நடக்கும், வாரக் கணக்கில் ஆகும். துணியை நெய்தபின் வெளுக்காமல் நூலாகவே வெளுத்து நெய்வதுதான் லெயோன் வட்டார முறை. ‘க்ரே’ என்ற பெயரில் விற்ற அந்தத் துணிக்கு அதுவே மதிப்பைக் கூட்டியது. அது மோர்லே, லாந்தெர்னோ துறைமுகங்கள் வழியாக இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போனது. ஸ்பெயினிலிருந்து அமெரிக்கக் காலனிகளுக்கும் போனது.

இந்தத் தொழிலைக் கையில் வைத்திருந்த பணக்கார உழவர் குடும்பங்களை ஊரார் ஜூலோதெத் என்று அழைத்தார்கள். அவர்கள் பிரபுக்கள் அல்லர். நகரத்து வணிகர்களும் அல்லர். நிலத்தையும் உழுதார்கள், நூலையும் வாங்கி வெளுத்தார்கள், துணியையும் சந்தைக்கு அனுப்பினார்கள். சொத்து சிதறாமலிருக்கத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். வீட்டின் முன்பக்கத்தில் சாப்பாட்டு மேசைக்கென்றே தனியாக ஒரு கூடத்தை வெளித்தள்ளிக் கட்டினார்கள். அந்த வீடுகள் சில இன்னும் நிற்கின்றன. வீட்டில் காட்டிய அந்தப் பெருமிதத்தைப் பல மடங்காக்கி அவர்கள் கோயிலில் காட்டினார்கள்.

ஆனால் இதைச் சில பணக்காரர்களின் கொடை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது தவறு. கோயிலின் சொத்தையும் கணக்கையும் நடத்தியது ஃபாப்ரிக் என்ற பங்கு நிர்வாகம். ஊரார் தங்களுக்குள்ளிருந்து ஆண்டுதோறும் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். காணிக்கை, உயில் வழி வந்த நிலத்தின் வருமானம், கோயிலுக்குள் கல்லறை இடத்துக்கான கட்டணம் ஆகியவை அவர்கள் கைக்கு வரும். விழா நாளில் மக்கள் கொண்டுவரும் தானியம், நார், வெண்ணெய் போன்றவற்றை ஏலம் விட்ட பணமும் வரும். பத்திரங்களும் பணமும் பல பூட்டுகள் போட்ட கனத்த மரப்பெட்டியில் இருக்கும். சாவிகள் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கும். பதவி முடிந்து இறங்குகிறவர் கணக்கை ஊர் முன் ஒப்பிக்க வேண்டும். பற்றாக்குறை வந்தால் சொந்தக் கையிலிருந்து போட்டு ஈடுகட்டியவர்கள் பலர். அதனால்தான் வசதியுள்ள ஜூலோதெத் வீட்டு ஆட்களே அந்த இடத்துக்கு அடிக்கடி வந்தார்கள். சிற்பியை வரவழைத்துப் பேரம் பேசி, நோட்டரி முன் ஒப்பந்தம் எழுதி, வேலை சரியா என்று பார்த்துப் பணம் கொடுத்ததும் அவர்களே. பங்குக் குருவுக்கும் இதில் சொல் உண்டு, ஆனால் முடிவு அவர் ஒருவருடையதாக இருக்கவில்லை. இத்தகைய ஊர்களில் தெற்கு முகமண்டபத்துக்குள் இருபக்கமும் கல் இருக்கைகளும் அவற்றின்மேல் திருத்தூதர் சிலைகளும் இருக்கும். பங்குக் காரியங்களைப் பேச ஊர்ப் பெரியவர்கள் கூடியது அங்கேதான். சிலைகளைக் காண வரும் பயணிகள் அந்த இருக்கைகளையும் ஒரு நிமிடம் பார்க்க வேண்டும்.

ஊரின் பெயரிலேயே இருக்கும் மிலியோ என்ற புனிதரின் கதை இதைவிடப் பழையது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் வேல்ஸ், கார்ன்வால் பக்கமிருந்து கடல் கடந்து வந்து குடியேறிய மக்களோடு துறவிகளும் வந்தார்கள். பிரிட்டனியின் பங்குகள் பலவற்றுக்கு அவர்கள் பெயரே நிலைத்தது. அவர்களில் பெரும்பாலோரை ரோம் முறைப்படி புனிதர் பட்டியலில் சேர்த்ததே இல்லை. ஊர் சேர்த்துக்கொண்டது, அது போதுமானதாக இருந்தது. மிலியோ துறவி அல்லர், கொர்னுவாய் நாட்டு மன்னர் என்கிறது மரபு. நல்லாட்சி நடத்திய அவரைத் தம்பி ரிவோத் ஆட்சி ஆசையில் கொன்றான். அண்ணன் மகன் மெலார் சிறுவன். அவனையும் கொல்ல நினைத்த ரிவோத், பெரியவர்கள் தடுத்ததால் அவன் வலக்கையையும் இடக்காலையும் வெட்டினான். வாள் பிடிக்க முடியாதவன், குதிரை ஏற முடியாதவன் அரசனாக முடியாது என்பது கணக்கு. வெட்டிய இடத்தில் வைத்த வெள்ளிக் கையும் வெண்கலக் காலும் உயிருள்ள உறுப்புகளைப் போலவே இயங்கின என்று கதை தொடர்கிறது. முடிவில் மெலாரும் கொலையுண்டான். தந்தை, மகன் இருவரையும் மக்கள் புனிதர்களாக்கினார்கள். வரலாற்றாசிரியர்களால் இதில் எதையும் ஆதாரத்தோடு நிறுவ முடியாது. ஆனால் அநியாயமாகக் கொல்லப்பட்ட மன்னரை வழிபாட்டுக்குரியவராக்கும் மனப்போக்கு இந்த நிலத்தில் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்தக் கதை சான்று. கோயிலுக்குள் மிலியோவுக்கெனத் தனிப் பீடமே உண்டு.

கல்வாரிக்கு வருவோம். சுவர்கள் கருங்கல்; உருவங்கள் கெர்சாந்தோன் என்ற கரும்பச்சைச் சாம்பல் நிறக் கல். பிரெஸ்ட் விரிகுடாவின் கரையில் வெட்டியெடுப்பது. வெட்டிய புதிதில் உளிக்கு நன்கு வளைந்து கொடுக்கும், காற்றும் மழையும் பட்டால் இறுகிவிடும். 400 ஆண்டு மழைக்குப் பிறகும் ஆடை மடிப்புகளும் தாடிச் சுருள்களும் தெளிவாகத் தெரிவது இந்தக் கல்லால்தான். செதுக்கியவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை. இயேசுவைப் பிடிக்க வரும் படைவீரர்கள் ரோமானியர்களாக இல்லை. மூன்றாம் ஹென்றி காலத்துப் பிரெஞ்சு உடையில், மடிப்புக் கழுத்துப்பட்டையோடு நிற்கிறார்கள். சிலுவை சுமக்கும் ஊர்வலத்தில் நெரிசல் தெரிகிறது, இரைச்சல்கூடக் கேட்பது போலிருக்கிறது. மேடைக்கு முட்டுக்கொடுக்கும் வளைவுத் தூண்களில் நான்கு நற்செய்தியாளர்கள் எழுதியபடி அமர்ந்திருக்கிறார்கள்.

காட்சிகள் காலவரிசையில் இல்லை. பிறப்புக்குப் பக்கத்திலேயே பாடுகள் வந்துவிடும். இதைச் சிற்பிகளின் குழப்பமாகக் கருதுவோரும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பார்க்க வந்தவர்களுக்குக் கதை முன்பே மனப்பாடம். பாடுகளின் நாடகம் பிரெத்தோன் மொழியில் 1530லேயே அச்சாகிவிட்டது. ஊர்களில் சமய நாடகங்கள் நடிக்கப்பட்டன. தெரிந்த கதையில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் வாசிக்க முடியும். போதிக்கும் குரு எந்தக் காட்சியைக் காட்டிப் பேச நினைக்கிறாரோ அந்தப் பக்கம் கூட்டம் நகர்ந்திருக்கும். கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் முடிந்தது 1563இல். புரோட்டஸ்டண்டுகள் சிலைகளை எதிர்த்த அந்தக் காலத்தில், சிலைகள் மக்களுக்குப் போதிக்க உகந்தவை என்று அச்சங்கம் வலியுறுத்தியது. அதற்கு 18 ஆண்டுகள் கழித்துத் தொடங்கிய இந்தக் கல்வாரி அந்த முடிவின் ஊர்ப் பதிப்பு.

மேடையில் எல்லோரும் தேடிப் பார்க்கும் காட்சி ஒன்றுண்டு. பெரிய விலங்கின் வாய் பிளந்திருக்கிறது. அது நரகம். ஆடையில்லாத ஓர் இளம்பெண்ணைப் பிசாசுகள் பிடித்து அதற்குள் இழுக்கின்றன. கெட்டழிந்த கத்தெல் என்று பொருள்படும் கத்தெல் கொல்லெத் என்பவள் அவள். நற்செய்தியில் இவளுக்கு இடமில்லை, பிரெத்தோன் வாய்மொழிக் கதையில்தான் இடம். கதை பல விதம். ஒன்றில் அவள் லா ரோஷ்-மோரிஸ் கோட்டைப் பிரபுவின் உறவுப் பெண், வேறொன்றில் வேலைக்காரி. எல்லாவற்றிலும் நடனப் பித்துப் பிடித்தவள். பாவசங்கீர்த்தனத்தில் பாவங்களை மறைத்தாள், திருடிய நற்கருணை அப்பத்தைப் பிசாசிடம் கொடுத்தாள், அழிந்தாள்.

இந்தச் சிற்பத்தின் முன் எனக்கு மன நெருடல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. இந்த மேடைக்குப் பணம் தந்த நூலை நூற்றவர்கள் பெண்கள். பகல் வேலை முடிந்தபின் இரவில் விளக்கொளியில் கூடி உட்கார்ந்து இராட்டையிலும் தக்களியிலும் நூற்றவர்கள். அவர்களில் பலர் கத்தெலைப் போலப் பிறர் வீட்டில் வேலைக்கிருந்த இளம்பெண்கள். அந்தக் கூட்டங்களில்தான் பாட்டும் கதையும் பிறந்தன, நடனமும் நடந்தது. குருக்கள் கடிந்து பேசியதும் அவற்றைத்தான். பங்கின் கணக்கேடுகளில் பொறுப்பாளர்களின் பெயர்கள் உண்டு. நூற்றவர்களுக்குக் கிடைத்த கல்லுருவம் நரக வாயில் நிற்கும் இந்த ஒருத்திதான். சிற்பம் அருமையானது. அது சொல்லும் நீதி யாரை அச்சுறுத்தச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மரணம் இந்த வளாகங்களின் மையத்தில் இருக்கிறது. இறந்தவர்களைக் கோயிலின் தரைக்கடியிலும் சுற்றியுள்ள இடத்திலும் புதைத்தார்கள். இடம் போதாமல் பழைய எலும்புகளைத் தோண்டி எடுத்து எலும்பு மண்டபத்தில் சேர்த்தார்கள். கிமிலியோவில் முகமண்டபத்தை ஒட்டியே ஒரு சிறு எலும்பு மண்டபம் உண்டு. அதைக் கடக்காமல் பூசைக்குப் போக முடியாது. 1648ஆம் ஆண்டுச் சிற்றாலயத்தின் வெளிச்சுவரில் பிரசங்க மேடை ஒன்று உண்டு. கல்லறைகளுக்கு நடுவே நிற்கும் மக்களிடம் அங்கிருந்து குரு பேசுவார். பக்கத்து லா ரோஷ்-மோரிஸ் ஊரின் 1639ஆம் ஆண்டு எலும்பு மண்டபத்தில் சாவின் தூதனான அங்கூ அம்போடு நிற்கிறான், உங்கள் எல்லோரையும் கொல்கிறேன் என்ற வாசகத்தோடு. 1719இல் ரென் நகரத்து உயர் நீதிமன்றமான பார்லமென்ட் கோயிலுக்குள் புதைப்பதைத் தடை செய்தபோது பிரிட்டனி ஊர்கள் பலவற்றில் எதிர்ப்பு கிளம்பியது. முன்னோரின் எலும்புகளின் மேல் மண்டியிட்டு அவர்களுக்காக வேண்டிக்கொள்வதுதான் அவர்களுக்குச் சமயம். அதை இழக்க யாரும் விரும்பவில்லை.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லிலிருந்து மரத்துக்கு மனம் மாறியது. ஊர்ப் போட்டியும் கடுமையானது. பக்கத்து ஊரான சேன்-தெகோனெக் 1610இல் தன் கல்வாரியை எழுப்பியது. 1676இல் தொடங்கி 1682க்குள் பெரிய எலும்பு மண்டபத்தையும், 1683இல் புகழ்பெற்ற பிரசங்க மேடையையும் செய்துகொண்டது. கிமிலியோவின் மறுமொழிகள் அதே ஆண்டுகளில்தான் வருகின்றன. திருமுழுக்குத் தொட்டியின் விதானத்தை எட்டு முறுக்குத் தூண்கள் தாங்குகின்றன. திராட்சைக் கொடிகள் அவற்றைச் சுற்றி ஏறுகின்றன. முறுக்குத் தூண்களுக்கு ரோம் நகர் புனித பேதுரு பேராலயத்தில் பெர்னினி செய்த விதானம்தான் முன்னோடி. சில பத்தாண்டுகளில் அந்த வடிவம் ஓர் உழவர் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிரெஸ்ட் கடற்படைத் தளத்தில் கப்பல்களை அலங்கரித்த மரச் சிற்பிகள் இவ்வட்டாரக் கோயில்களிலும் வேலை செய்தார்கள் என்பது இதைப் புரிந்துகொள்ள உதவும்.

அந்த 1675ஆம் ஆண்டு பிரிட்டனிக்குச் சாதாரண ஆண்டு அன்று. முத்திரைத் தாள் வரிக்கும் பிரபுக்களின் சுரண்டலுக்கும் எதிராகச் ‘சிவப்புத் தொப்பிகள்’ கலகம் வெடித்த ஆண்டு. தெற்கிலும் நடுப்பகுதியிலும் மாளிகைகள் எரிந்தன. கலகத்தை அடக்கிய ஷோல்ன் கோமகன், பிகுதேன் பகுதியில் அபாய மணி அடித்த கோயில்களின் கோபுரங்களை இடிக்கச் செய்தார். லெயோன் பெரும்பாலும் அமைதியாக இருந்தது. ஒரே மொழி பேசும் மக்கள், ஒரே சமயம். ஒரு பக்கம் கோபுரம் விழுகிறது, இன்னொரு பக்கம் ஓக் மரத்தில் திராட்சை கொத்தாகக் காய்க்கிறது. லினன் வருமானம் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆர்கனைச் செய்தவர் தொமாஸ் டல்லம். இங்கிலாந்தில் பியூரிட்டன்கள் கோயில் ஆர்கன்களைத் தடை செய்து உடைத்த காலத்தில், கத்தோலிக்கரான டல்லம் குடும்பம் பிழைப்புத் தேடிக் கடலைக் கடந்து பிரிட்டனிக்கு வந்தது. கருவி நிற்கும் மாடத்தின் முகப்பில் தாவீது யாழ் மீட்டுகிறார், புனித செசிலியா ஆர்கன் வாசிக்கிறார். மூன்றாவது பலகையில் அலெக்சாந்தரின் வெற்றி ஊர்வலம். பதினான்காம் லூயியின் அரண்மனை ஓவியர் லெ ப்ரன் வரைந்த ஓவியத்தைப் பின்பற்றிச் செதுக்கியது. இந்தக் கலையை ‘வெகுளித்தனமான நாட்டுப்புறக் கலை’ என்று சொல்வோர் இந்தப் பலகையை உற்றுப் பார்க்கட்டும். பாரிசில் என்ன புதிது என்று இவர்கள் அறிந்திருந்தார்கள்.

லினன் தொழிலின் வீழ்ச்சி அரசியலால் வந்தது. பதினான்காம் லூயியின் அமைச்சர் கொல்பேரின் சுங்கக் கொள்கைக்குப் பதிலடியாக 1678இல் இங்கிலாந்து பிரெஞ்சு லினனையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. 1689இல் இரு நாடுகளுக்கும் இடையே போர் மூண்டது. பெரிய வாடிக்கையாளரை இழந்த தொழில் 18ஆம் நூற்றாண்டில் தள்ளாடி நின்றது. பிறகு இயந்திர நூற்பும் பருத்தியும் அதை முடித்தன. 1845இல் லாந்தெர்னோவில் தொடங்கிய லினன் ஆலையும் 1891இல் மூடப்பட்டது. புதிதாகக் கட்டப் பணமில்லாததால் பழையதை இடித்துக் கட்டும் ஆசையும் எழவில்லை. வளமான ஊர்கள் 19ஆம் நூற்றாண்டில் தங்கள் பழைய கோயில்களை அகற்றிப் பெரிதாகக் கட்டிக்கொண்டபோது, இந்த வளாகங்கள் அப்படியே தப்பின.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். குருக்களை அரசுக்குக் கட்டுப்படுத்திய 1790ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிரமாணம் எடுக்க லெயோன் குருக்களில் பெரும்பாலோர் மறுத்தனர். லெயோன் மறைமாவட்டத்தின் கடைசி ஆயர் லா மார்ஷ் 1791இல் இங்கிலாந்துக்குத் தப்பினார், 1806இல் லண்டனில் இறந்தார். மறைமாவட்டமே கலைக்கப்பட்டு கெம்ப்பேரோடு சேர்ந்தது. மக்களின் பற்று குறையவில்லை. 1902இல் பிரதமர் கோம்பின் அரசு மறைக்கல்வியிலும் பிரசங்கத்திலும் பிரெத்தோன் மொழியைத் தடுத்தபோது, கீழ்ப்படியாத குருக்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஆணையால் சாகாத மொழி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெற்றோர் பிள்ளைகளிடம் பிரெஞ்சில் பேசத் தொடங்கியதும் மெல்லப் பின்வாங்கியது. இன்று கல்வாரியைச் சுற்றிக் கேட்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோதான்.

அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இதுபோன்ற பழைய கோயில் கட்டடங்கள் ஊராட்சியின் உடைமை. கூரை ஒழுகினால் ஆயிரம் பேர் கொண்ட ஊரின் மன்றம்தான் தீர்மானம் போட வேண்டும். அரசின் தொல்சின்னத் துறையும் மாவட்டமும் உதவுகின்றன. கோயிலுக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. கன்டிகளின் நிலை வேறு. சிலவற்றை உள்ளூர்ச் சங்கங்கள் மீட்டு வைத்திருக்கின்றன. மற்றவை ஓடைக்கரைகளில் முள்புதருக்குள் கூரையிழந்து கிடக்கின்றன, கல்தொட்டிகள் மண்மூடிப் போகின்றன. நூற்ற பெண்களும் வெளுத்த கூலியாட்களும் விட்டுச்சென்ற கட்டடம் இவ்வட்டாரத்தில் அது ஒன்றுதான். கல்வாரிக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு பங்கு இவற்றுக்கும் வர வேண்டும். கிமிலியோவுக்குப் போகும் வாசகர்கள் கோயிலைப் பார்த்ததோடு திரும்பிவிடாமல், அருகில் ஒரு கன்டி எங்கே இருக்கிறதென்று ஊராரிடம் விசாரித்து அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.